அரசு வக்கீல் வீட்டுச் சொட்டு மருந்து

அரசு வக்கீல் தன் சொந்த அக்காவின் மருந்து பாட்டிலுக்குச் சாப்பாட்டு மேஜையில் வைத்து முத்திரை போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் அரக்கு இல்லை. யாருடைய பிறந்தநாளுக்கோ வாங்கி மிஞ்சிய ரோஸ் நிற மெழுகுவர்த்தியை உருக்கி மூடிமேல் சொட்டவிட்டார். அது ஆறுவதற்குள் தன் கறுப்புக் கோட்டின் பித்தானை அதில் அழுத்தினார். முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

"சூப் ஆறுதுங்க," என்றாள் மனைவி. அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். பொறுமை அவளுக்குக் கொஞ்சம் கம்மி.

"மேஜைல எதையும் தொடாதே. இது சம்பவ இடம்."

பாட்டில் கட்டைவிரல் அளவுதான். ஜாம் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தவர் கண்ணில், வெண்ணெய்க்குப் பின்னால் அது பட்டுவிட்டது. உள்ளே கஞ்சா எண்ணெய். அக்காவே சொன்னாள், மழுப்பவில்லை. புற்றுநோய்க்கு ஊசி ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து சாப்பாட்டைக் கண்டாலே அவளுக்குக் குமட்டியது. அந்த எண்ணெயில் இரண்டு சொட்டு நாக்கடியில் விட்டால் குமட்டல் அடங்கிப் பசி எடுத்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. அங்கே டாக்டர் சீட்டைக் காட்டினால் மருந்துக்கடையிலேயே கொடுக்கிறார்கள். இந்தப் பக்கம் கொண்டுவந்தால் ஜெயில். அக்கா பஸ் கண்டக்டர். பாலத்தைத் தாண்டி வண்டி ஓட்டும் பழைய டிரைவர் ஒருவர் சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

"ரெண்டு சாட்சிக் கையெழுத்து வேணும்," என்றார் வக்கீல்.

மனைவி கையைக் கட்டிக்கொண்டாள். "நான் போட மாட்டேன்."

"குடு, நான் போடறேன்," என்று அக்கா கையை நீட்டினாள்.

"நீ போட முடியாதுக்கா."

"ஏன்டா, எனக்கு எழுதத் தெரியாதா?"

"குற்றம் சாட்டப்பட்டவங்க சாட்சியாக் கையெழுத்துப் போடக் கூடாது."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "டீச்சர், கேட்டியா கூத்தை! நான் கிழிச்ச டிக்கெட்ல படிச்சவன் எனக்கே கேஸ் போடறான்!"

அது உண்மைதான். அப்பா அம்மா போன பிறகு அவரைச் சட்டம் படிக்கவைத்தது அவளுடைய கண்டக்டர் சம்பளம். வக்கீலின் காது மடல் சிவந்தது. ஆனாலும் பித்தானை இன்னொரு முறை அழுத்தினார்.

"சரி, அந்தக் கண்ணாடி அலமாரியில பிராந்தியும் விஸ்கியும் வரிசையா நிக்குதே, அதுக்கு எப்ப சீல்?"

"அது சட்டப்படி வாங்கினது."

"போன மாசம் உன் சிநேகிதன் அதைக் குடிச்சுட்டு நம்ம பூந்தொட்டில விழுந்தானே, அதுவும் சட்டப்படிதானா?"

"அக்கா, விளையாடாதே. கஞ்சாவால நாசமாப்போன பசங்களை நான் தினம் கோர்ட்ல பாக்கறேன். மீசை முளைக்கற வயசுல ஒருத்தன் புத்தி கலங்கி நிக்கறான். அவன் அம்மா என் காலைப் பிடிச்சுட்டு அழறா."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அக்காவும் சிரிப்பை நிறுத்தினாள்.

"அவனுக்குக் குடுக்கச் சொல்லலை தம்பி. ஆஸ்பத்திரில எனக்கு மார்ஃபின் போட்டாங்க. அதைவிடப் பொல்லாததா இது? அதை டாக்டர் எழுதறாரு, கடைக்காரர் பூட்டிவெச்சு அளந்து குடுக்கறாரு. இதையும் அப்படிக் குடுத்தா யார் குடி முழுகிடும்?"

"அதுக்குத்தான் கமிட்டி போட்டிருக்காங்க. அறிக்கை வரட்டும்."

"கமிட்டிக்காரங்க மூணு வேளையும் நல்லா சாப்பிடறாங்கடா. அவங்களுக்கு என்ன அவசரம்?"

முத்திரை போட்டாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் வக்கீலுக்குத் தலைவலி ஆரம்பித்தது. பிடிபட்ட பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் அழிக்கக் கூடாது. அனுப்ப வேண்டுமானால் வழக்கு வேண்டும். வழக்குக்கு ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயருக்கு உரியவள் எதிரே உட்கார்ந்து ஆறிப்போன சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். வேறு யாராக இருந்தாலும் பாட்டிலைச் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுக் கையைக் கழுவியிருப்பார்கள். இவர் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர் ஆயிற்றே! பாட்டிலைத் தன் துணி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அக்காவின் தட்டு வைத்தபடியே திரும்பிப் போனது. வக்கீல் சும்மா இருக்கவில்லை. சூப் வைத்தார், கஞ்சி காய்ச்சினார், ஆரஞ்சைத் தோல் உரித்து, நார் எடுத்து, கொட்டை எடுத்து ஊட்டிப் பார்த்தார். தம்பி மனம் நோகக் கூடாதே என்று அவள் விழுங்குவாள்; உடனே எழுந்து குளியலறைக்கு ஓடுவாள். இன்னும் எடை குறைந்தால் அடுத்த ஊசி போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி நின்றால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் ஒருவரும் வாய்விட்டுப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அரை முட்டை சாப்பிட்டாள். அது வயிற்றில் தங்கவில்லை. திரும்பி வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஸ்டாப்பிங்ல யாரும் ஏற மாட்டேங்கறாங்கப்பா, எல்லாரும் இறங்கறாங்க," என்றாள்.

டீச்சர் கரண்டியை மேஜைமேல் 'ணங்' என்று வைத்தாள்.

"ஏங்க, அலமாரி சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட."

"அலமாரி யாரோடது?"

"என்னோடது. ஏன்?"

"உங்க அக்கா அந்த பாட்டிலைத் தொட்டே ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. இப்ப போலீஸ் வந்தா யாரைப் பிடிப்பாங்க?"

பாட்டில் வக்கீலுக்குத் தெரிந்து, அவர் பொறுப்பில், அவர் பூட்டுக்குள் இருக்கிறது. எத்தனையோ பேரை இந்த மூன்றையும் சொல்லியே அவர் உள்ளே தள்ளியிருக்கிறார். அவருக்கு வியர்த்துவிட்டது.

"இந்த வீட்ல குற்றவாளி நீங்கதாங்க," என்றாள் டீச்சர். "குற்றம் செஞ்சதுதான் செஞ்சீங்க, யாருக்காவது பிரயோஜனமாச் செய்யக் கூடாதா?"

அவர் எழுந்து போய் பாட்டிலைக் கொண்டுவந்தார். பழக்கதோஷம் விடவில்லை, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "முத்திரை கலையாம இருக்கு," என்று அறிவித்தார்.

"ரொம்ப சந்தோஷம். கலைடா," என்றாள் அக்கா.

ரோஸ் மெழுகை நகத்தால் சுரண்டினார். "நாக்கைத் தூக்கு," என்று சொல்லி இரண்டு சொட்டு விட்டார். நல்ல வேளை, மூன்றாவது சொட்டு தவறிச் சட்டையில் விழுந்தது. பிறகு மூவரும் வரைமுறையில்லாமல் எதையெதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் துணி மடித்தாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அக்கா மூக்கை உறிஞ்சி, "பக்கத்து வீட்ல ரொட்டி சுடறாங்களா? எனக்கும் வேணும் போல இருக்கே," என்றாள்.

அவள் ரொட்டி சாப்பிட்டாள். முட்டை கேட்டாள். தம்பி தட்டிலிருந்த உருளைக்கிழங்கையும் கேட்காமலே எடுத்துக்கொண்டாள். எல்லாம் வயிற்றில் தங்கியது. வக்கீல் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதார். மனைவி கேட்டதற்கு வெங்காயம் என்றார். அங்கே வெங்காயமே இல்லை.

திங்கட்கிழமை நீதிமன்றத்தில் முதல் வழக்கு ஒரு தச்சருடையது. அவரும் அதே ஆற்றைத் தாண்டி, அதே மாதிரி பாட்டிலைப் பெண்டாட்டிக்கு வாங்கி வந்து பாலத்தில் மாட்டிக்கொண்டவர். ஜாமீன் மனு. இப்படிப்பட்ட மனு ஒவ்வொன்றுக்கும் அரசு வக்கீல் எழுந்து கடுமையாக ஆட்சேபிப்பார். அது தெரிந்து, எதிர்த்தரப்பு வக்கீலான இளம்பெண் தூக்கம் கெட்டுத் தயாராகி வந்திருந்தாள்.

"அரசுத் தரப்பு?" என்றார் நீதிபதி, தலையைத் தூக்காமலே.

"ஆட்சேபணை இல்லைங்க ஐயா."

"அரசுத் தரப்பின் வாதத்தை வன்மையாக மறுக்கிறேன்!" என்று அந்தப் பெண் பாய்ந்து எழுந்தாள். பிறகு காதில் விழுந்தது புரிந்து, உட்காரவும் தோன்றாமல் நின்றாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அரசு வக்கீலைப் பார்த்தார். ஜாமீன் கொடுத்தார்.

கூண்டில் நின்ற தச்சர் கும்பிட்டார். இறங்கவில்லை.

"ஐயா, அந்த பாட்டிலைத் திருப்பிக் குடுப்பாங்களா? அவ சாப்பிடாம கிடக்கறா."

"அது வழக்குச் சொத்து. குடுக்க முடியாது."

"என்னை வேணா உள்ள வெச்சுக்குங்க. பாட்டிலை மட்டும் வீட்டுக்கு அனுப்பிடுங்க ஐயா."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தச்சர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. காவலர் அவர் தோளைத் தொட்டு இறக்கிவிட்டார்.

நீதிபதி குரலைத் தாழ்த்தி அரசு வக்கீலிடம் கேட்டார்: "என்ன ஆச்சு உங்களுக்கு? வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"அக்காவுக்குப் புற்றுநோய்ங்க. நேத்துலேர்ந்து நல்லா சாப்பிடறாங்க. இதே எண்ணெய்தான். நான்தான் என் கையால விடறேன்."

தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மாளின் விரல்கள் அப்படியே நின்றன.

"அதெல்லாம் பதிவு பண்ண வேண்டாம்மா," என்றார் நீதிபதி அவசரமாக.

"பண்ணட்டும்ங்க ஐயா," என்றார் அரசு வக்கீல். கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு, அந்த அம்மாளின் பக்கம் திரும்பி, தட்டச்சுக்கு வசதியாக நிறுத்தி நிறுத்தி, முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தார்.