மும்மொழி அறிவிப்பு

புகையை முதலில் பார்த்தவர் கமலநாதன்தான். ஏரியைச் சுற்றி மாலை நடை போய்க்கொண்டிருந்தவர், பதினேழாம் எண் வீட்டுக்கு எதிரே வந்ததும் நின்றார். தையல்காரி புஷ்பவல்லியின் வீடு. ஜன்னலின் மேல்விளிம்பிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு கோடு கிளம்பிக் கூரைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஏரிக்கரைக் குடியிருப்பாளர் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் செய்யவேண்டியதை அவர் ஒரு கணமும் தாமதிக்காமல் செய்தார். கைப்பேசியை எடுத்து, சங்கத்தின் வாட்சப் குழுவைத் திறந்து, 'அன்பார்ந்த குடியிருப்பாளர்களே' என்று தட்டினார்.

ஏரி என்று சொன்னால் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். காப்பார் சாலையில் வெள்ளம் ஏறினால் தண்ணீரைப் பிடித்துவைக்க வெட்டிய குட்டை அது. வடிகால் இலாகா நட்டுவைத்திருக்கும் பலகையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. வீடு கட்டி விற்றவன்தான் சுற்றிலும் நாலு அலங்காரப் பனையை நட்டு, ஒரு நடைபாதையைப் போட்டு, ஏரி என்று பெயர் வைத்தான். அன்று முதல் அங்கே குடிவந்தவர்கள் எல்லாரும் ஏரிக்கரைவாசிகள் ஆனார்கள். குட்டையில் இருக்கும் உடும்புகளுக்கு மட்டும் இந்தப் பதவி உயர்வு இன்னும் தெரியாது. கமலநாதனும் அந்தக் குட்டையைப் போலத்தான். நில அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் கிராணியாக, சாதாரணக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், அழைப்பிதழ்களில் 'முன்னாள் நிர்வாக அதிகாரி' என்று போட்டுக்கொள்வார்.

யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். குப்பை எரிப்பதைக் கண்டித்து ஏற்கெனவே ஆறு அறிவிப்புகள் வெளியிட்டவர் அவர். ஏழாவதில் பாதி வந்தபோது ஜன்னல் கண்ணாடி உடைந்து விழுந்தது. உள்ளே ஆரஞ்சு நிறம் தெரிந்தது. எரிவது குப்பை இல்லை, வீடு. எழுதியதை அழித்துவிட்டு, 'பதினேழாம் எண் வீட்டில் தீப்பற்றி' என்று புதிதாகத் தொடங்கினார். அங்கேதான் விரல் நின்றது. தீப்பற்றியா, தீ பற்றியா?

இந்தத் தயக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. போன மாதம் 'நாய்களை கட்டி வைக்கவும்' என்று அவர் போட்ட அறிவிப்புக்குக் கீழே, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ராதாகிருஷ்ணன், 'களை-யை அடுத்து க் எங்கே தலைவரே? நாய் கவ்விக்கொண்டு போய்விட்டதா?' என்று எழுதினார். அதற்கு நாற்பத்திரண்டு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். முதல் பொம்மை யுகேந்திரனுடையது. ஆகவே கமலநாதன் 'தீப்பற்றி' என்றே முடிவு செய்து, ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்து, மலாய்க்குப் போனார். சங்கத்தின் அறிவிப்பு எதுவும் மூன்று மொழியிலும் வரவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவரே அவர்தான். மலாய் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலத்தில் 'டியர் ரெசிடென்ட்ஸ், கைண்ட்லி' வரை வந்திருந்தார். அப்போது யுகேந்திரனின் வேன் வந்து நின்றது.

யுகேந்திரன் ஏர்கோன் பழுதுபார்க்கிறவன். நாற்பது வயதில் அரைக்கால் சிலுவாரோடு திரிகிறவன். வேனைக் கண்ட இடத்தில் நிறுத்துவதாகத் தலைவரிடமிருந்து மூன்று எச்சரிக்கைகள் வாங்கியவன். அவன் தீயணைக்கும் பொம்பாவுக்குப் போனில் பேசிக்கொண்டே இறங்கினான், பேசிக்கொண்டே வேனின் பின்கதவைத் திறந்து அறுக்கும் மெஷினை எடுத்தான். "உள்ள அக்கா இருக்காங்க அங்கிள், தள்ளுங்க" என்றான். வாசல் இரும்பு கிரில்லின் பூட்டிலிருந்து தீப்பொறி பறந்தது. புஷ்பவல்லியை வெளியே இழுத்தபோது அவள் வலது கை கம்பியை விட்டு வரவில்லை. விரல்களை அவன்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

கமலநாதன் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கூடிய கூட்டத்தைப் பார்த்து, "பின்னால போங்க, எல்லாரும் பின்னால போங்க" என்று கத்தினார்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. அதனால் துக்கம் இரட்டிப்பானது. செந்தூலிலிருந்துகூட ஆட்கள் வந்து அவளிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தார்கள். வீடு பார்க்க வந்த பெண்கள் ஐந்து நிமிடம் புஷ்பவல்லிக்காகக் கண்ணீர் விட்டார்கள், மீதி நேரம் கரியைக் கிளறினார்கள். கமலநாதனின் மனைவி லோகேஸ்வரியின் மயில்கழுத்து நீல ரவிக்கையும் அதில் போயிருந்தது.

"அந்தச் சீலைக்கு இப்ப என்னத்தப் போடுறது? ஒங்க சட்டையவா?" என்றாள் வீட்டுக்கு வந்து.

புஷ்பவல்லி பத்து நாள் மருத்துவமனையில் இருந்தாள். பிறகு போர்ட் கிள்ளானில் தங்கை வீட்டுக்குப் போனாள். வலது உள்ளங்கையில் தோல் ஒட்டியிருந்தார்கள். கத்தரிக்கோல் பிடிக்க ஆறு மாதம் ஆகலாம், பிடிக்காமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னதாகத் தகவல் வந்தது.

கமலநாதன் வருத்தப்பட்டார். ஆனால் அவர் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது வேறு. பதினோரு விநாடி ஓடும் ஒரு காணொளி. தீப்பொறி, யுகேந்திரனின் முதுகு, கிரில் திறப்பது. யாரோ எடுத்து ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். அதில் கமலநாதனும் இருந்தார். இடது ஓரத்தில், தொந்தி ஒரு பாதி, நடைப்பயிற்சிச் சப்பாத்து ஒன்று. அந்தப் பதினோரு விநாடியை அவர் நாளுக்குப் பத்துத் தடவை பார்த்தார். தலை தெரிகிற அளவுக்காவது பிடித்திருக்கக் கூடாதா என்று அந்த முகம் தெரியாத ஆளைத் திட்டினார்.

வேனை நடுவழியில் நிறுத்தினாலும் இப்போது ஒருவரும் வாய் திறப்பதில்லை. சிலர் அதைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். 'பாஸ்' என்று கூப்பிட்டார்கள். மூலைக்கடைச் சீனன் அவனிடம் தேத்தண்ணீருக்குக் காசு வாங்க மறுத்தான். பதினெட்டு வருடமாக அதே கடையில் அதே நாற்காலியில் உட்காரும் கமலநாதனுக்கு ஒரு பிஸ்கட்கூட சும்மா வந்ததில்லை.

ஒருநாள் மத்தியானம் அவர் தட்டில் மீனின் வால் துண்டு விழுந்தது.

"தல எங்க?"

"யுகேந்திரனுக்குக் குடுத்துட்டேன். பாவம், ஓடியாடி வேல செய்ற பையன்."

"நாப்பது வயசு பையன்."

"அறுவத்தி நாலு வயசுல நீங்க பண்ற வேலைக்கு வால் போதுங்க."

கமலநாதன் சோற்றைப் பிசைந்தார். இரண்டு வாரமாகத் தொண்டையில் நின்ற வாக்கியம் அன்றைக்கு வெளியே வந்துவிட்டது. "அவன் வர்றதுக்கு முன்னாலயே நான்தான் மொதல்ல பாத்தேன், தெரியுமா?"

"எத?"

"பொகைய."

லோகேஸ்வரி கரண்டியோடு நின்று அவரைப் பார்த்தாள். "பாத்துட்டு?"

அந்தக் கேள்வி அவர் எதிர்பார்க்காதது. இவ்வளவு யோசித்தவர் அதைமட்டும் யோசிக்காமல் விட்டிருந்தார். முதலில் பார்த்தவர் என்ற பெருமைக்கு ஒரு சாட்சி வேண்டுமென்றால் இருந்தது. அனுப்பப்படாத அந்த அறிவிப்பு கைப்பேசியில் அப்படியே கிடந்தது, பிழையே இல்லாமல், இரண்டரை மொழியில். யாருக்குக் காட்ட முடியும்? காட்டினால் எல்லாரும் இதே ஒற்றை வார்த்தையைத்தான் கேட்பார்கள்.

"ஒண்ணுமில்ல. ரசம் ஊத்து" என்றார்.

அந்த வாரமே குழுவில் ராதாகிருஷ்ணன் பிழையற்ற தமிழில் ஒரு யோசனை வைத்தார். அடுத்த மாதம் ஆண்டுக் கூட்டம் வருகிறது, தலைவர் பொறுப்புக்கு யுகேந்திரனை ஏன் கேட்கக்கூடாது? கட்டைவிரல்கள் குவிந்தன. கமலநாதன் எண்ணினார், முப்பத்தெட்டு. அவற்றில் ஒன்று லோகேஸ்வரியுடையது. கைதவறிப் பட்டுவிட்டதாகச் சொன்னாள். இரவு யுகேந்திரனின் குரல்பதிவு வந்தது. "ஐயோ, எனக்கு டைம் இல்ல லா. கமல் அங்கிளே இருக்கட்டும். அவரு நல்லாத்தானே பண்றாரு."

பதவியைப் பறித்திருந்தால்கூட அவர் பொறுத்திருப்பார். விட்டுக்கொடுத்துவிட்டான். இனி தலைவர் நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் அது அவன் போட்டது. கமலநாதன் அந்தக் குரல்பதிவை மூன்று முறை கேட்டார். எங்காவது ஒரு கேலி ஒளிந்திருக்கும் என்று தேடினார். இல்லை. அதுதான் மிகவும் எரிந்தது.

யுகேந்திரனுக்கான பாராட்டு விழாவையும் தலைவரே நடத்தவேண்டி வந்தது. தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சமூக மண்டபம். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை, ஏற்புரை, நன்றியுரை என்று நிகழ்ச்சி நிரலைத் தயாரித்து, முதல் இரண்டையும் கடைசியையும் தன் பெயருக்கு வைத்துக்கொண்டார். பெண்கள் பொருந்தாத ரவிக்கைகளோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். லோகேஸ்வரி மயில்கழுத்து நீலச் சீலைக்குக் கறுப்பு ரவிக்கை போட்டிருந்தாள். தலைமையுரையில் கமலநாதன் தீ என்ற பூதத்தைப் பற்றி இருபத்தைந்து நிமிடம் பேசினார். அதில் யுகேந்திரன் என்ற பெயர் ஒருமுறை வந்தது. பிறகு பொன்னாடையைப் பிரித்து அவன் தோளில் போர்த்தினார். கை தட்டினார்கள். டீ சட்டை போட்டிருந்த அந்தத் தோளுக்குப் பொன்னாடை பொருந்தவேயில்லை, தன் தோளுக்கு எவ்வளவு பொருந்தும் என்று அவர் நினைத்தார்.

நிரலில் இல்லாதபடி புஷ்பவல்லி எழுந்து வந்தாள். ஒலிவாங்கியை இடது கையில் வாங்கினாள். வலது கையில் மணிக்கட்டுவரை கட்டு இருந்தது.

"எனக்கு மேடையில பேசத் தெரியாது. தம்பி யுகேந்திரன் இல்லாட்டி நான் இல்ல. அது எல்லாருக்கும் தெரியும். ஆனா இன்னொருத்தர பத்தி யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க. தலைவர் அண்ணன்."

கமலநாதன் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"பொகையில ஒண்ணுமே தெரியல, கிரில் சாவிகூட கெடைக்கல. கண்ணாடி ஒடஞ்சதும் பாத்தேன், எதுத்தாப்புல அண்ணன் நிக்கிறாரு. கையில போன். பொம்பாவுக்கு அடிக்கிறாருன்னு தெரிஞ்சதும் எனக்கு உசுரே வந்துச்சு. அதுவரைக்கும் பின்கதவு வழியா ஓடிடலாமான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். அப்ப குசினி அடுப்புப் பக்கம் நெருப்பு போகல. அண்ணன பாத்ததும், சரி, ஆளு வந்துட்டாங்க, இங்கயே நிப்போம்னு கிரில்ல கெட்டியா புடிச்சிக்கிட்டு நின்னுட்டேன்." கட்டுப்போட்ட கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "பெரிய மனுசன். இத்தன நாளா ஒரு வார்த்த வெளிய சொல்லல பாருங்க."

மண்டபம் எழுந்து நின்று தட்டியது. ராதாகிருஷ்ணனும் தட்டினார். லோகேஸ்வரி மட்டும் தட்டவில்லை. கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கமலநாதன் பத்து வருடமாக ஏங்கிய கைதட்டல் அது. அது தன்மேல் படாமல் பக்கத்தில் யார்மேலோ விழுவதுபோல் இருந்தது. போன் பண்ணின ஒரு கமலநாதன், வாயைத் திறக்காத ஒரு பெரிய மனுசன், அவனுக்குத்தான் இவ்வளவும். யுகேந்திரன்மேல்கூட அவருக்கு இப்படி ஒரு பொறாமை வந்ததில்லை.

யுகேந்திரன் பக்கத்தில் சாய்ந்து மெதுவாகக் கேட்டான். "நீங்களும் அடிச்சீங்களா அங்கிள்? நான் பேசறப்ப அந்தப் பொம்பாக்காரன், என்னோட போன் கோல்தான் மொதல்னு..." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "பரவால்ல லா. ஒரே நேரத்துல போயிருக்கும்." அதையும் அவனே கொடுத்தான்.

இரண்டாவது பொன்னாடை வாங்கவில்லை. யுகேந்திரன் தன்னுடையதைக் கழற்றிப் புஷ்பவல்லியிடம் நீட்டினான். ஒரு முனையை அவள் இடது கையால் பிடித்தாள், மறுமுனையை அவன் பிடித்தான். இருவருமாகக் கமலநாதன் தோளில் போர்த்தினார்கள். பத்திரிகைக்குப் படம் எடுக்க வந்தவர் முன்னால் மண்டியிட்டார்.

"அப்படியே நில்லுங்க தலைவரே. போன காதுல வச்ச மாதிரி ஒண்ணு எடுத்துக்கறேன். அன்னிக்கி மாதிரி."

கமலநாதன் அசையவில்லை. "எடுங்க அண்ணே" என்று புஷ்பவல்லி சிரித்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்தார். படக்காரர், "வாய் மூடியிருந்தா நல்லா வராது தலைவரே, எதாச்சும் பேசுங்க" என்றார். தாங்கியில் திரும்ப மாட்டிய ஒலிவாங்கி அவர் மார்புக்கு நேரே இருந்தது. யாரும் அதை அணைத்திருக்கவில்லை.

"ஹலோ" என்றார் கமலநாதன். அது மண்டபம் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் பிள்ளைகள் சிரித்தார்கள்.

"பதினேழாம் நம்பர் வீடு" என்றார். "எரியுது. சீக்கிரம் வாங்க." நிறுத்தினார். "உள்ள யாரோ கிரில்ல போட்டுத் தட்டுறாங்க. ரொம்ப நேரமா தட்டுறாங்க. எனக்குக் கேக்குது."

பிள்ளைகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தான் தட்டியதைப் பற்றிப் புஷ்பவல்லி மேடையில் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. படக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "அக்கா, இந்தப் பக்கம் பாருங்க" என்றார். அவள் திரும்பவில்லை. கமலநாதனின் காதையும் அதில் வைத்த கைப்பேசியையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பொன்னாடையின் ஒரு முனை அவர் தோளிலிருந்து நழுவியது. மறுமுனை அவள் இடது கைக்குள் கசங்கிக் கசங்கிச் சிறிதாகிக்கொண்டிருந்தது.