பதினோராம் கட்டை வேன்

ஒரு வியாழக்கிழமை காலையில் தஞ்சோங் காராங்கைத் தாண்டியதும் முரியலின் பழைய கார் புகை விட்டு நின்றது. பின்னிருக்கையில் தாயம்மாவும் காளியண்ணனும் இருந்தார்கள். இருவருக்கும் சிறுநீரகம் பழுதாகி வருடங்களாகின்றன. வாரம் மூன்று நாள் கோல சிலாங்கூரில் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். பதினோராம் கட்டைத் தோட்டத்திலிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர். விடிகாலையில் கிளம்ப வேண்டும், அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. தாயம்மாவின் மகன் ஜொகூருக்கு வேலைக்குப் போனபோது, "கொஞ்ச நாளைக்கு அம்மாவக் கொண்டு விடுங்கக்கா" என்று கேட்டான். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் முரியல் தன் காலை வியாபாரத்தை மதியத்துக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு காளியண்ணனும் சேர்ந்துகொண்டார். அந்தக் கொஞ்ச நாள் மூன்று வருடமாகியிருந்தது.

அன்று டயாலிசிஸ் தவறியது. சனிக்கிழமைக்குள் தாயம்மாவின் கால்கள் வீங்கி மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப் போனது. பிழைத்துக்கொண்டார். ஆனால் இன்னொரு முறை இப்படி நடக்க விடக்கூடாது என்று முரியல் அந்த மருத்துவமனை வராந்தாவிலேயே தீர்மானித்தாள்.

காரின் எஞ்சின் இனி தேறாது என்றார் மெக்கானிக். டாக்சியில் கொண்டு போய் வந்ததில் முரியலின் கையிருப்பு கரைந்தது. ஓரளவு நல்ல பழைய வேன் இருபத்தெட்டாயிரம் மலேசிய வெள்ளி ஆகும். புஞ்சாக் ஆலாமில் வேலை பார்க்கும் முரியலின் தங்கை அபிகெயில்தான் வழி சொன்னாள்.

"ஆன்லைன்ல பப்ளிக்கிட்ட கேட்போம்க்கா. ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டாலும் போதும்லா."

நன்கொடை கேட்டு இணையத்தில் ஒரு பக்கம் திறந்தார்கள். பத்து நாளில் வந்தது நானூற்றுப் பத்து வெள்ளி. அதில் நூறு அபிகெயில் போட்டது.

பதினோராவது நாள் கோலாலம்பூரிலிருந்து குகன் என்பவன் அழைத்தான். அவன் போடும் வீடியோக்களை லட்சக்கணக்கானோர் பார்ப்பார்களாம். ஒரே வாரத்தில் முழுத் தொகையும் வந்துவிடும் என்றான். ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு வந்து இறங்கியவன் காளியண்ணனின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தான். டைல்ஸ் போட்ட தரை, சோபா. ஆளில்லாமல் இடிந்து கிடந்த பழைய தொழிலாளர் லயத்தைக் காட்டி, அதன் வாசலில் அவரை உட்காரச் சொன்னான்.

"நான் அங்க இல்லையே தம்பி. இதுதான் என் வீடு."

"பாக்குறவங்களுக்கு அது தெரியாதுலா அங்கிள். கஷ்டம் கண்ணுல பட்டாத்தான் டுயிட் வரும், காசு கொட்டும். சட்டையக் கழட்டிருங்க, ஊசி குத்திக் குத்திக் கை வீங்கியிருக்கிறது தெரியணும். கொஞ்சம் அழுதா இன்னும் நல்லது."

காளியண்ணன் முரியலைப் பார்த்தார். அவள் பேசாமல் நின்றாள். அவளுக்குத் தாயம்மா மூச்சுக்குத் தவித்ததுதான் நினைவில் ஓடியது. ஒரே வாரம். ஒரு வீடியோ. அவள் மௌனத்தைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டு அவர் முதல் பொத்தானை அவிழ்த்தார். முப்பத்தோரு வருடம் அந்தத் தோட்டத்தில் மண்டோராக, ஆட்களை வேலை வாங்கும் கங்காணியாக இருந்தவர். இரண்டாவது பொத்தானுக்கு வந்ததும், தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"சட்டையப் போடுங்க அங்கிள்," என்றாள் முரியல்.

"பரவால்லம்மா. வேன் கிடைக்கும்னா..."

"போடுங்கன்னு சொல்றேன்ல."

குகன் கேமராவை மூடினான். "இப்படியே போனீங்கன்னா மூணு வருஷம் ஆகும்க்கா."

"ஆகாது. நானே கேட்டுக்கிறேன்."

சொன்ன வேகத்தில் குகனின் கார் கிளம்பிப் போய்விட்டது. ஒரு கணமானாலும் தானும் சம்மதித்து நின்றோமே என்ற கூச்சம் முரியலுக்கு அன்று முழுக்க இருந்தது. மறுநாளே வேலையைத் தொடங்கினாள்.

காய்கறி வியாபாரி ராஜு தன் வேனை வாரம் இரண்டு நாள் தந்தார். சனிக்கிழமைக்கு அபிகெயிலின் கார். ஓட்டிக்கொண்டு போகும்போது காளியண்ணனைப் போனில் வீடியோ எடுக்கச் சொல்லி முரியல் தானே பேசினாள்: இது எந்த ரோடு, எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம், வண்டி வராவிட்டால் என்ன ஆகும். அழுகை இல்லை. பணம் அனுப்பும் கியூஆர் குறியீட்டை அட்டையில் ஒட்டிக்கொண்டு தேவாலயம், கோயில், தொழிற்சாலை வாசல், மாலைச் சந்தை என்று ஏறி இறங்கினாள். சில இடங்களில் விரட்டினார்கள். ஏமாற்றுக்காரி என்று ஒருத்தர் முகத்துக்கு நேராகவே சொன்னார். டயாலிசிஸ் நிலையம் கொடுத்த கடிதத்தை எடுத்துக் காட்டினாள். அவர் படிக்காமலே போனார். அடுத்த ஆளிடம் கேட்டாள்.

டயாலிசிஸ் இல்லாத நாட்களில் காளியண்ணனும் கூட வந்தார், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு. ஒரு கோயிலில் ஐந்து நிமிடம் பேச விட்டார்கள். "முப்பத்தோரு வருஷம் ஆளுங்கள வேலைக்குக் கூப்பிட்டவன் நான். இப்ப உங்களக் கூப்பிடுறேன். ஒரு வேன் வாங்கணும். வாங்க, சேர்ந்து வாங்குவோம்," என்றார். அன்று ஒரே மாலையில் தொள்ளாயிரம் வெள்ளி சேர்ந்தது. வீடியோவைப் பார்த்து உலு யாமிலிருந்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியை மாதாமாதம் அனுப்பத் தொடங்கினாள்.

சந்தையில் பலகாரம் விற்கும் ரொஹானா ஐம்பது வெள்ளியை நீட்டி மலாயில் கேட்டாள்: "என் அப்பாவும் டயாலிசிஸ்தான். உங்கள் வேனில் அவருக்கும் இடம் இருக்குமா?"

இன்னும் வாங்காத வேனில் இடம் உண்டு என்று முரியல் சொல்லிவிட்டாள்.

ஐந்து மாதமாயிற்று. பத்தொன்பதாயிரத்து அறுநூறு வெள்ளியில் வரவு ஏறக்குறைய நின்றுபோனது. ஒரு செவ்வாய்க்கிழமை ராஜுவின் வேனும் பழுதாகி, கடைசி நேரத்தில் டாக்சி பிடித்து ஓடினார்கள். மேலும் காத்திருக்க முரியல் தயாராக இல்லை. சபாக்கில் பதினேழாயிரத்துக்கு ஒரு வேன் இருந்தது. பதினான்கு வயது வண்டி, இருக்கைகள் கிழிந்திருந்தன, எஞ்சின் மட்டும் கல் மாதிரி. மெக்கானிக்கைக் கூட்டிப் போய்க் காட்டினாள். பிறகு பக்கத்தில் எழுதினாள்: "நினைத்த வேனுக்குப் பணம் சேரவில்லை. பழையது ஒன்றை வாங்கப் போகிறோம். சம்மதமில்லாவிட்டால் கேளுங்கள், உங்கள் பணம் திரும்ப வரும்." நான்கு பேர் கேட்டார்கள். கொடுத்தாள்.

முதல் பயணத்தன்று காலை ஐந்து மணிக்கு, கேள்விப்பட்டு வந்த மூன்று நோயாளிகளையும் சேர்த்து வேனில் ஆறு பேர் ஏறினார்கள். ரொஹானாவின் அப்பா காளியண்ணனுக்குப் பக்கத்தில் அமர்ந்து, இருவரும் மலாயில் மருந்து விலை பேசிக்கொண்டு வந்தார்கள். தாயம்மா முன்னிருக்கையில் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு, "ஏர்கோன் ரொம்பக் குளுருது முரியல், கொஞ்சம் கொறையேன்," என்றார்.

"அது ஒண்ணுதான் ஆண்டி இதுல புதுசு," என்று சிரித்தபடி குறைத்தாள் முரியல்.

ஆறேகாலுக்கு நிலையத்தின் கதவு திறந்தபோது வாசலில் அவர்கள்தான் முதலில் நின்றார்கள்.