பனிதானே

இத்தாலிக்கு, பலேர்மோவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான சிஞ்ஞோராவைக் குளிப்பாட்டி, சூப் ஊட்டியதிலேயே காலம் போய்விட்டது. பக்கத்துக் கடலையே ஒழுங்காகப் பார்த்ததில்லை, மலைக்கு எங்கே போவது? இன்றுதான் முதன்முதலாக மதோனியே மலையில் ஏறுகிறேன். முழங்கால் வரை வெள்ளை. மகள் யூலியானா முன்னே போகிறாள். அவள் மிதித்த குழிகளில் கால் வைத்து நான் பின்னால் நடக்கிறேன்.

போன வருடம் இதே மாதம் அவள் அப்பா கிறிகோரி இந்தப் பாதையில்தான் தனியாக வந்தார். மேலே ராட்சத மரங்கள் இருக்கின்றன, பிள்ளையைக் கூட்டிப்போகமுன் வழி பார்த்துவருகிறேன் என்று காலையில் கிளம்பினவர். இரண்டு நாள் கழித்து, அந்த மரங்களின் கீழே உறைந்து கிடந்தவரைக் கண்டெடுத்தார்கள்.

“கடைசியாய் அப்பா போனிலை என்ன கதைச்சவர்?” என்று யூலியானா கேட்கும்போதெல்லாம், “வாறன் எண்டவர்” என்பேன். பச்சைப் பொய்.

என் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எங்களுக்குள் இத்தாலியன் சொல் ஒன்றும் வரக்கூடாது, பிள்ளையின் தமிழ் கெட்டுவிடும். கிறிகோரிக்கு வாய் தவறினாலும் விடமாட்டேன். பாவம், மனுசன் போனிலும் பயந்து பயந்துதான் கதைப்பார்.

அன்று மலையிலிருந்து போன் எடுத்தார். “மலர், பனி கொட்டுது. திரும்பி வரட்டோ?”

மன்னாரில் பிறந்தவளுக்குப் பனி என்றால் என்ன? மார்கழி விடியலில் புல்லில் நிற்பது, எட்டு மணி வெயிலுக்குக் காணாமல் போவது.

“பனிதானே! மஃப்ளரைத் தலையிலை கட்டிக்கொண்டு நடவுங்கோ. வெயில் வரப் போயிடும்” என்று சிரித்தேன்.

“ஓம், ஓம்” என்றார்.

வானத்திலிருந்து கொட்டும் வெண்பனிக்கு இத்தாலியனில் ‘நேவே’. அந்த ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது அவர்.

மரங்கள் வந்துவிட்டன. அண்ணாந்தால் உச்சி தெரியவில்லை, இலையெல்லாம் முள். யூலியானா ஒரு கிளையைத் தொட, பொலபொலவென்று கொட்டியது.

“அம்மா, எவ்வளவு பனி பாருங்கோ!” என்றாள். அவளும் என் சட்டத்துக்குப் பயந்தவள்.

“நேவே எண்டு சொல்லு பிள்ளை” என்று அழுதேன். பிறகு முழுவதையும் சொன்னேன்.

அவள் மரத்தடியைப் பார்த்தபடி கேட்டாள்.

“கண்டெடுக்கேக்கை அப்பா ஏன் மஃப்ளரைக் கழுத்திலை போடாமல் தலையிலை கட்டியிருந்தவர் எண்டு எனக்கு விளங்கவேயில்லை, அம்மா. இதுதானோ?”

“ஓம்” என்றேன்.