கோபத்துக்கு ஒரு வரைபடம்

மின்சாரம் போய் அரை மணி நேரம் ஆகியிருந்த ஒரு பகலில், குடிநீர் அலுவலகத்தின் பிரிண்டர் தடதடவென்று ஓடி, அழிந்துபோன குழாய் வரைபடங்களில் ஒன்றைச் சூடாக வெளியே தள்ளியது. கரண்ட் வந்ததும் பார்த்தார்கள். கம்ப்யூட்டரிலும் அந்த ஃபைல் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தது. பிரிண்டர் ஓடுவதற்கு ஒரு நிமிடம் முன்புதான், வரைபடம் போடுகிறவள் மேனேஜரிடம் முதல்முறையாகக் குரலை உயர்த்தியிருந்தாள். "ஒன்பது வருஷம் நான் நடந்த நடை சார் அது. உங்க ஒரு விரலுக்குப் போச்சு."

போனது வாஸ்தவம். தெருத்தெருவாக வெயிலில் நடந்து, பூமிக்கடியில் எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது என்று அளந்து அவள் போட்ட இருநூற்றுப் பதினான்கு வரைபடங்களையும், கம்ப்யூட்டர் நொண்டுகிறது என்று மேனேஜர் ஒரே தட்டில் அழித்து, அதன் குப்பைத்தொட்டியையும் சுத்தமாகக் காலி செய்திருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் தானே பேக்கப் எடுத்து வைத்திருப்பதாகவும் தைரியம் சொன்னார். அந்த டிஸ்க்கைத் திறந்தால், உள்ளே அம்புக்குறி ஒட்டிய ஷார்ட்கட்டுகள் மட்டும் வரிசையாக நின்றன. வீட்டைப் பத்திரப்படுத்தச் சொன்னால், 'வீட்டுக்கு வழி' என்ற பலகையைக் கழற்றிப் பெட்டியில் பூட்டியிருந்தார் மனிதர். ஃபைல் மீட்கிறவர் ஒருவர் வந்து மூன்று நாள் தோண்டி, பாதித் தெருவும் கால் வால்வும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

கோபத்துக்கு ஒரு வரைபடம் என்பது புரிந்ததும் அலுவலகம் மும்முரமாக வேலையில் இறங்கியது. மேனேஜர் திங்கட்கிழமைதோறும் அவள் லீவை ரத்து செய்தார். டைப்பிஸ்ட் அவளைப் 'பாப்பா' என்று கூப்பிட்டார். ஸ்டோர்கீப்பர் அவள் நாற்காலியை ஒளித்து வைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் வந்தது. அவள் கோபம் வந்ததுபோல் நடித்துப் பார்த்த அன்று மட்டும் வெள்ளைத் தாள் வந்தது. குழாய் பழுதுபார்க்கக் குழி தோண்டுகிறவர்கள் காலையிலேயே வாசலில் நின்று, இன்றைக்கு எந்தத் தெருவுக்காக அம்மாவைச் சீண்டப் போகிறீர்கள் என்று விசாரித்துப் போனார்கள். சாயங்காலம் அவள் காலிப் பாத்திரமாக வீடு திரும்பினாள். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர மறந்துவிட்ட கணவனிடம் காட்ட ஒரு சிட்டிகைக் கோபம்கூட மிச்சமில்லை. அம்மா அதற்கும் சிரித்ததைப் பார்த்து மகள்தான் அழுதாள்.

மூன்றாம் வருடக் கடைசியில் இருநூற்றுப் பதினான்காவதும் வந்து சேர்ந்தது. அன்றே அவள் விண்ணப்பம் எழுதி நீட்டினாள்: பேக்கப்புக்கு இரண்டு புது டிஸ்க், அதில் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். இனிமேல் யாரும் தன்னைச் சீண்டத் தேவையில்லை என்று வாய்விட்டும் சொன்னாள். மேனேஜர் நிதானமாகப் படித்தார். எழுந்து போய் பிரிண்டரில் ஒரு கட்டுப் புதுத் தாளை அடுக்கினார்.

"டிஸ்க் எதுக்கும்மா தண்டத்துக்கு? அதான் நீ இருக்கியே."