பதினேழாம் எண் முக்காடு

இஸ்திரிக்கடை அக்காவின் தலையில் ஞானஸ்நானத்தன்று பங்குச் சாமியார் ஊற்றிய தண்ணீர் ஒன்பது வருடமாகக் காயவில்லை. நெற்றியில் மயிர் தொடங்கும் இடத்தில் ஊறி, மூக்கோரமாக இறங்கி, மோவாயில் சற்று நின்று சொட்டும். கோடையில் கொஞ்சம் வேகமாகச் சொட்டும். அதே நாளில், அதே கிண்ணத்துத் தண்ணீரை ஏற்ற தங்கைக்குக் கோயில் படி இறங்குவதற்குள் தலை காய்ந்துவிட்டது.

தாய் தகப்பன் போனபோது அக்காவுக்குப் பதினைந்து வயது, தங்கைக்கு நாலு. தங்கையும் கூடவே வருவாள் என்றதும் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்களும் செருப்பைத் தேடின. அக்கா இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தாள், தங்கை தண்ணீர் தெளித்து மடித்தாள். அறுந்த பொத்தானைத் தைக்கவும் அக்காதான் கற்றுக்கொடுத்தாள். முடிச்சு உள்ளே இருந்தால் உடம்பை உறுத்தும் என்று வெளிப்பக்கம் போடச் சொன்னாள். ஊரில் வேறு யாரும் அப்படித் தைப்பதில்லை. பீடத்துணிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கோயிலுக்குப் போன தங்கை ஒவ்வொரு முறையும் தாமதமாகத் திரும்பினாள். பத்தொன்பதாம் வயதில் ஞானஸ்நானம் வேண்டும் என்றாள். அக்கா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், "அப்ப நானும் வரேன். செத்தா உன்னை ஒரு பக்கம், என்னை ஒரு பக்கம் புதைப்பாங்களா?" என்றாள்.

எட்டு மாதம் சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஞானோபதேசம் படித்தாள். துணி தேய்த்துக்கொண்டே மந்திரங்களை மனப்பாடம் செய்ததில் பல காலர்கள் கருகின. "பரமண்டலத்துல இருக்கிறவரு எனக்குப் புதுச் சட்டை எடுத்துத் தருவாராம்மா?" என்று பக்கத்துப் பூட்டுக்கடைக்காரர் கேட்டார். விசுவசிக்கிறாயா என்று சாமியார் மூன்று முறை கேட்டபோதும் அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே விசுவசிக்கிறேன் என்றாள்.

தேய்க்குமுன் பையைத் தடவிப் பார்ப்பது தொழில் வழக்கம். இரண்டு வருடம் கழித்து, தங்கையின் மேல்சட்டைப் பையில் கன்னியர் மடத்துத் தலைவியின் கடிதம் அகப்பட்டது. ஞானஸ்நானம் முடிந்து இரண்டு வருடம் பொறுத்திரு, பிறகு உன்னைச் சேர்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தது. தேதி, ஞானஸ்நானத்துக்கு ஒரு மாதம் முந்தியது.

"நான் தலையக் குடுக்கப் போறேன்னு தெரிஞ்சும், இதைப் பையில வெச்சுக்கிட்டா பக்கத்துல நின்ன?"

"நான் போயிட்டா உனக்கு யாரு இருக்கா, அக்கா? அதான்... உன்னை ஆண்டவர்கிட்ட விட்டுட்டுப் போகலாம்னு."

"பக்கத்துக் கடையில குடுத்துட்டுப் போறதுக்கு நான் என்னடி, வீட்டுச் சாவியா?"

தங்கை அழுதாள், ஆனாலும் போனாள். அதுவரை வேர்வை என்று சமாளித்துவந்த ஈரத்தை அக்கா அன்றுதான் பூட்டுக்கடைக் கண்ணாடியில் நேராகப் பார்த்தாள். விறுவிறுவென்று சாமியாரிடம் போய், தன் பெயரைப் புத்தகத்திலிருந்து அடித்துவிடச் சொன்னாள். பெயரை அடித்தாலும் ஊற்றினது ஊற்றினதுதான், எடுக்க முடியாதும்மா என்றார் அவர். "பார்த்தாலே தெரியுதே சாமி" என்று மோவாயைத் துடைத்துக்கொண்டு வந்தவள் பிறகு கோயில் பக்கம் போகவில்லை. மேற்றிராசனத்து ஆயர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து சீசாவில் கொஞ்சம் பிடித்துப் போனார். சாதாரணத் தண்ணீர் என்று பதில் வந்தது. கடைக்குத் தெளிக்கத் தனியாகத் தண்ணீர் பிடிக்கும் வேலை மிச்சமானது.

தங்கை போன ஐந்தாம் வருடம் மடத்தில் துணி தேய்க்கும் சிஸ்டருக்குக் கை விழுந்துவிட, முக்காடுகளெல்லாம் வாரம் ஒரு மூட்டையாகக் கடைக்கு வரத் தொடங்கின. பெயர் கிடையாது, ஓரத்தில் நூலால் தைத்த எண் மட்டும். பதினேழாம் எண்ணில் முடிச்சு வெளிப்பக்கம் இருந்தது. அக்கா அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள், பிறகு விரித்துத் தேய்த்தாள். நெற்றி படும் இடத்தில் ஒரு சொட்டு விழுந்தது. பெட்டியை நன்றாகச் சூடேற்றி மூன்று முறை அழுத்தியும் அந்த இடம் காயவில்லை. வேண்டுமென்றே சொட்டவிட்டாள் என்று பூட்டுக்கடைக்காரர் இன்றும் சாதிக்கிறார். அப்படியே மடித்து மூட்டையில் வைத்தாள்.

அன்றிலிருந்து வாரம் தவறாமல் அது ஈரமாகத்தான் போகிறது. மூட்டை கொண்டுவரும் சிஸ்டர் முதலில் இரண்டு தடவை முறையிட்டார், பிறகு விட்டுவிட்டார். மடத்தில் எல்லாருக்கும் பழகிவிட்டதாம். காலை மணி அடித்ததும் பதினேழாம் எண் சிஸ்டர் அந்த ஈர முக்காட்டைக் கட்டிக்கொண்டு ஜெபத்துக்குப் போகிறாள். இதுவரை மாற்று முக்காடு கேட்டதில்லை.