போனுக்குள் இருந்த அப்பா

"இயேசப்பா, எங்கப்பாவ சீக்கிரமா பிளேன்ல ஏத்தி வீட்டுக்குக் கொண்டாங்க. ஆமென்."

கண்ணை இறுக மூடிக்கொண்டு மூன்றரை வயது பிரீனா ஜெபித்து முடித்தபோது, அவளுடைய அப்பா டெனிஷ் அதே பாயில், கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

ரிஜோவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் டெனிஷின் மனைவி ஷைஜாவுக்குத் தம்பி. மாலை ஜெபத்துக்கு அக்கா வீட்டில் தவறாமல் ஆஜராகிவிடுவான். ஜெபம் முடிந்ததும் மீன்குழம்பு உண்டு என்பதும் ஒரு காரணம்.

"அத்தான், உங்க பிளேன் இன்னும் மஸ்கட்லேருந்து கிளம்பல்லன்னு தோணுது."

"ஏலே, சும்மா கிட. நீங்க ஜெபம் பண்ணுங்க" என்றாள் ஷைஜா.

டெனிஷ் ஜெபித்தான். அவன் ஜெபித்தால் அடுத்த வீட்டு நாய் எழுந்து நிற்கும். கடல் தாண்டிப் பேசிப் பேசியே குரல் அப்படி ஆகிவிட்டிருந்தது. ஆனால் அன்று பாதி ஜெபத்திலேயே ஆமென் சொல்லிவிட்டான்.

மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோது ஏசி மெக்கானிக்காக மஸ்கட் போனவன், இப்போதுதான் முதல் முறையாக ஒரு மாத லீவில் வந்திருக்கிறான். பிரீனாவுக்கு அப்பா என்றால் உள்ளங்கை அகல முகம். அம்மாவின் போனுக்குள் இருப்பது. யாராவது "அப்பா எங்க மக்கா?" என்று கேட்டால் ஓடிப்போய் போனைக் கொண்டுவந்து காட்டுவாள். பெட்டியோடு வந்திறங்கிய இந்த நெட்டை ஆள் 'அந்த மாமா'. அவன் கொடுத்த பொம்மையை வாங்கிக்கொண்டாள். தூக்கப் போனால் தெருவுக்கே கேட்கும்படி அலறினாள்.

'மகள் என்னை அறியாமலே லீவு முடிந்துவிடுமோ?' அந்தப் பயம்தான் டெனிஷின் ஜெபத்தைப் பாதியில் நிறுத்தியது.

மறுநாள் காலை பிரீனா தோசையைத் தள்ளிவிட்டு அழுதாள்.

"அப்பா போனே பண்ணல்ல..."

ஷைஜா திகைத்துப்போய்க் கணவனைப் பார்த்தாள். உண்மைதான். வீட்டுக்கே வந்தவன் எதற்குப் போன் பண்ணுவான்? அவன் வந்த நாளிலிருந்து, பிரீனாவைப் பொறுத்தவரை அப்பா காணாமல் போயிருந்தார்!

டெனிஷ் சத்தமில்லாமல் எழுந்து, வீட்டின் பின்னால் ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகைக்குப் போனான். அங்கே நின்று மனைவியின் எண்ணுக்கு வீடியோ கால் போட்டான்.

"அப்பா!" பிரீனாவின் முகம் மலர்ந்தது. "எங்க போனீங்க? எங்க வீட்டுல ஒரு மாமா வந்திருக்கு."

"அப்படியா? நல்ல மாமாதானா?"

"இல்ல. மீன் முழுசும் தின்னுது. எனக்க தலயணய எடுத்து வச்சுக் கிடக்கு. கொறட்ட வேற விடுது. நீங்க வந்து போகச் சொல்லுங்க."

பின்னால் ஷைஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வது திரையில் தெரிந்தது.

டெனிஷுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே வேறொன்றும் நினைவுக்கு வந்தது. போன வருஷம் கம்பெனி மூடி, வேலையில்லாமல் மஸ்கட் அறையின் அடுக்குக்கட்டிலில் கிடந்த நாட்களில் ஆண்டவரிடம் அவன் சொன்ன குறைகள் கொஞ்சமா? 'நீர் தூரத்தில் எங்கோ இருக்கிறீர், என் பக்கம் திரும்பவே மாட்டீர்' என்று அவரைப் பற்றி அவரிடமே! கோபித்துக்கொண்டிருப்பாரோ என்று பிறகு பயந்ததும் உண்டு. இதோ, மகள் அவனைப் பற்றி அவனிடமே கோள் சொல்கிறாள். கோபமா வருகிறது? இன்னும் ரெண்டு குறை சொல்லமாட்டாளா என்றல்லவா இருக்கிறது! அந்தக் கட்டிலோரத்தில் அவரும் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

"மக்கா, அப்பா வரட்டா?"

"எப்போ?"

"இப்போ."

"பிளேன்லயா?"

"நடந்து."

போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினான். அவன் தோளுக்குப் பின்னால் கயிற்றில் தொங்கிய ஷீட்டுகள் நகர்ந்தன. கோழிக்கூடு வந்தது.

"அது நம்ம கோழியாக்கும்!" பிரீனா கத்தினாள். "அப்பா, நம்ம கோழி அங்க வந்திருக்கு!"

கிணறு வந்தது. துவைகல் வந்தது. அதன்மேல் காயவைத்த அவளுடைய மஞ்சள் கவுன் வந்தது. பிரீனா பேச்சை நிறுத்தினாள். அப்பாவின் குரல் போனுக்குள்ளிருந்தும் வாசலிலிருந்தும் ஒன்றாக வந்தது.

தலையைத் தூக்கினாள். புறவாசலில் அந்த மாமா. போனைப் பார்த்தாள். மறுபடி வாசலைப் பார்த்தாள்.

ஓடிப்போய் அள்ளிக்கொள்ளத் துடித்தது டெனிஷின் கை. அடக்கிக்கொண்டான். படியிலேயே உட்கார்ந்தான், அவள் உயரத்துக்கு இறங்கி, காத்திருந்தான்.

பிரீனா போனோடு மெல்ல வந்தாள். திரையில் அவன் புருவத்தருகே இருந்த மச்சத்தைத் தொட்டாள். பிறகு எதிரே இருந்த அவன் முகத்தில் அதே மச்சத்தைத் தொட்டாள்.

"அம்மா..." திரும்பிச் சொன்னாள். "அப்பா பெருசா இருக்கு!"

சொல்லிவிட்டு, பல நாள் பழகியவள் மாதிரி மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அன்று மாலை ஜெபத்துக்கு ரிஜோ சீக்கிரமே வந்துவிட்டான். பிரீனா அப்பாவின் மடியிலிருந்தே ஜெபித்தாள்.

"இயேசப்பா, எங்கப்பா வந்தாச்சு. அந்த மாமா போயாச்சு. ஆமென்."

அடுத்தது டெனிஷ். ரிஜோ காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானான். ஆனால் டெனிஷ், "அப்பா" என்று மட்டும் தொடங்கி, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல மெதுவாகச் சொல்லி முடித்துவிட்டான்.

"என்ன அத்தான், சத்தமே கேக்கலியே?"

"கேக்க வேண்டியவரு பக்கத்துலதான்லே இருக்காரு."

ஷைஜா சோற்றுத் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். ரிஜோ கை நீட்டுவதற்குள், சட்டியிலிருந்த பெரிய மீன் துண்டை பிரீனா எடுத்து அப்பாவின் தட்டில் போட்டாள்.