கல்லுக்கு வந்த வாழைத்தண்டு

மூலத்துக்கு லேசர் ஆபரேஷன் முடிந்து தேனியிலிருந்து வீடு திரும்பும் வழியிலேயே, "யாரு கேட்டாலும் கிட்னிக் கல்லுன்னு சொல்லு" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லித் தொலைத்தேன். சின்னமனூரில் கிட்னிக் கல் என்றால் என்ன நடக்கும் என்று அவராவது யோசித்திருக்க வேண்டும். ஊரைச் சுற்றி வாழைத் தோட்டம். மூன்றே நாளில் அடுப்படி முழுக்க வாழைத்தண்டு.

கூட்டு, பொரியல், சாறு என்று வேளாவேளைக்கு அதையே போட்டேன். நார்ச்சத்து நிறையச் சாப்பிடச் சொல்லித்தான் டாக்டரும் அனுப்பியிருந்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றார். கழிப்பறையிலிருந்து முதன்முதலாக வலியில்லாமல் வெளியே வந்த அன்று அவர் சிரித்த சிரிப்பை, கல்யாண போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை.

நேற்று நாத்தனார் வீட்டுக்காரர் ராக்கையா அண்ணன் ஆறு தண்டோடு நலம் விசாரிக்க வந்தார். இவர் சுவரில் சாய்ந்து நின்றார். அண்ணனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"இருக்கட்டும் தங்கச்சி" என்று அவரும் நின்றார். அரை மணி நேரம் இருவரும் நின்றபடியே மழையைப் பற்றிப் பேசினார்கள்.

கிளம்பும்போது, இவர் வெந்நீர் ஊற்றி உட்காரும் டப் வாசலில் காய்வதைப் பார்த்தார் அண்ணன். குரலைத் தாழ்த்தி, "மாப்ள, அந்தக் கல்லு டாக்டரு தேனியில எங்கன இருக்காக?" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார்.

"நம்பரு தாரேண்ணே. அதுவரைக்கும் இதச் சாப்பிடுங்க" என்று, அவர் கொண்டுவந்த தண்டில் மூன்றை அவர் பையிலேயே திரும்ப வைத்தேன்.